விரிசல் விட்டும் குஞ்சு வெளியே வரலையா? ஓட்டை உடைக்கும் முன் இதைப் படியுங்கள்

வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குச் சந்தவாசல் தெரிந்திருக்கும். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்பும் ஊர். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். இந்தப் பக்கத்து வீடுகளில் முன்பக்கம் தறி ஓடினால், பின்பக்கம் நாலு நாட்டுக்கோழியாவது மேயும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றுபோகும் நாட்களில், முட்டையும் குஞ்சும் கைச்செலவுக்கு ஆகும் சங்கதி.

இப்போது இந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அடை வைத்து 21 நாள் முடிந்துவிட்டது. பதினோரு முட்டையில் எட்டு பொரிந்தாயிற்று. தாய்க்கோழி எட்டையும் கூட்டிக்கொண்டு கூடையைவிட்டு இறங்கிவிட்டது. மிச்சம் மூன்றில் ஒன்று கூமுட்டை, ஒன்றில் அசைவே இல்லை. மூன்றாவதில் மட்டும் உளுந்து அளவுக்கு ஒரு விரிசல், உள்ளேயிருந்து ‘கீச் கீச்’ சத்தம். காலையில் பார்த்த விரிசல் மதியம் வரைக்கும் அப்படியே இருக்கிறது.

வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் பேரன் செல்போனில் தேடுகிறான். “ஆயா, மூச்சு முட்டுது போல. உடைச்சு எடுத்துடலாமா?”

“கைய வைக்காதடா, செத்துடும்.”

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மதிய நேரத்தில், ஆயா பக்கம்தான் அதிக உண்மை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

குஞ்சு ஓட்டை உடைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் உள்ளே மூன்று பெரிய வேலைகள் நடந்தாக வேண்டும்.

முட்டையின் அகலமான முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு பக்கம் குழிவாக இருக்குமே, அதுதான். 19, 20-ம் நாள் வாக்கில் குஞ்சு தன் அலகால் சவ்வைக் கிழித்து இந்தக் காற்றறைக்குள் தலையை நீட்டும். இது முதல் கொத்து. வெளியே எதுவும் தெரியாது, ஆனால் காதருகே வைத்தால் சத்தம் கேட்கும். குஞ்சின் நுரையீரல் வாழ்க்கையில் முதல்முறையாகக் காற்றை இழுப்பது இப்போதுதான். அதுவரை அது சுவாசித்தது ஓட்டின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய் வலை மூலமாக. ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் அந்த வலைக்கு வரும்.

காற்றறை சின்னது. குஞ்சு மூச்சுவிட விட அதில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகும். ‘மூச்சு முட்டுது போல’ என்று பேரன் பயந்தது ஒருவகையில் சரிதான். ஆனால் அந்த முட்டல்தான் குஞ்சைத் தூண்டுகிறது. கரியமில வாயு கூடுவதால் கழுத்தின் பின்பக்கத் தசை துடித்து, தலை மேல்நோக்கி எகிறி, அலகு நுனியில் இருக்கும் வெள்ளைக் கூர்ப்பொட்டு ஓட்டில் மோதும். அந்தப் பொட்டுக்கு முட்டைப்பல் என்று பெயர். பொரிந்த சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். முதல் கொத்திலிருந்து சுமார் 12 முதல் 24 மணி நேரத்தில் ஓட்டில் விரிசல் விழும். இது இரண்டாவது கொத்து. நம் கண்ணுக்குத் தெரிவது இதுதான்.

நாம் தப்பாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். விரிசல் விட்டதும் குஞ்சு ஓய்வெடுக்கும். அரை நாள், சில சமயம் ஒரு முழு நாள்கூட. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டிக்கொண்டதுபோல் தெரியும். உள்ளே இரண்டு வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டில் ஒட்டிய குழாய்களில் இருக்கும் ரத்தம் முழுக்கக் குஞ்சின் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டும் முடிந்த பிறகு குஞ்சு மெல்லச் சுழன்று, ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதாவது, விரிசல் விட்ட மூன்றாவது மணி நேரத்தில் நீங்கள் ஓட்டைப் பிய்த்தால், ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குழாயைப் பிய்க்கிறீர்கள். குஞ்சின் உடம்பில் இருப்பதே கொஞ்சூண்டு ரத்தம், சில சொட்டு போனாலே தாங்காது. மஞ்சள்கரு உள்ளே போகாமல் பையாகத் தொங்கும் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ‘உடைச்சா செத்துடும்’ என்று ஆயா சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அப்படியானால் எப்போதுதான் கை வைக்கலாம்?

விரிசலைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது, முட்டையின் மேல் பென்சிலால் நேரத்தை எழுதுவது. ‘காலைல பார்த்தேன்’ என்பது போதாது, மணி வேண்டும். கவலையில் இருக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் இருபது மணி நேரமாகத் தெரியும்.

24 மணி நேரம் தாண்டியும் விரிசல் துளிகூடப் பெரிதாகவில்லை என்றால் கவனிக்கத் தொடங்கலாம். விரிசல் வழியே தெரியும் சவ்வின் நிறம் இன்னும் நம்பகமான சாட்சி. ஈரமாக வெள்ளையாக இருந்தால் பிரச்சினை இல்லை, காத்திருக்கலாம். காய்ந்து, பழுப்பேறி, காகிதம் மாதிரி விறைத்திருந்தால் சவ்வு குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அது சுழல நினைத்தாலும் முடியாது. பாதி வட்டம் வெட்டிவிட்டுச் சில மணி நேரமாக நின்றுபோன குஞ்சுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

இன்னொரு வகை, தலைகீழாக இருக்கும் குஞ்சு. தலை காற்றறைப் பக்கம் இல்லாமல், கூரான முனைப் பக்கம் இருக்கும். விரிசலும் அங்கேயேதான் விழும். இதற்குக் காற்றறையின் காற்று கிடைக்காது. இப்படிப்பட்டவை சில தானாகவே வந்துவிடும், பல வராது. இங்கே உதவி கொஞ்சம் சீக்கிரமாகத் தேவைப்படலாம். அந்த உதவியும் மூச்சுக்கு வழி செய்வதோடு நிற்க வேண்டும், அதற்குமேல் பிரிக்கக் கூடாது.

மூன்றாவது, மேலே பார்த்த நம் முட்டை. தாய்க்கோழி இறங்கிப் போய்விட்டது. கிராமத்து அடையில் அதிகம் நடப்பது இதுதான். கோழி அடையில் உட்கார்ந்த பிறகும் வேறு பேடு வந்து அதே கூடையில் முட்டையிட்டுப் போயிருக்கும். அந்த முட்டைகள் ஒன்றிரண்டு நாள் பின்தங்கும். முதல் குஞ்சுகள் நடக்க ஆரம்பித்ததும் தாய் எழுந்துவிடும், பின்தங்கியவை குளிர்ந்துபோகும். இந்த முட்டைக்குத் தேவை சூடு. உடைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. வேறு அடைக்கோழி இருந்தால் அதன் கீழே வைக்கலாம். இல்லையென்றால் இன்குபேட்டர். அதுவும் இல்லையென்றால் கதகதப்பான பெட்டி, பக்கத்தில் ஈரத்துணி. (அடை வைக்கும் நாளிலேயே எல்லா முட்டையிலும் கரிக்கோடு போட்டுவைத்து, கோடில்லாத முட்டையை அவ்வப்போது எடுத்துவிடும் பழைய வழக்கம் இந்தத் தொல்லையைத் தடுக்கத்தான்.)

உயிர் இருக்கிறதா என்று பார்க்க முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். விரிசல் விட்ட முட்டையில் இதைச் செய்யவே கூடாது. தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கிவிடும். செல்போன் டார்ச் போதும். இருட்டறையில் அகலமான முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், வெளிச்சமான காற்றறையும் அதற்குள் நிழலாக நீட்டிக்கொண்டிருக்கும் அலகும் தெரியும்.

உதவி செய்வது எப்படி?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், காது குடையும் பஞ்சுக்குச்சி, சுத்தமான சின்ன இடுக்கி, டார்ச். இவ்வளவுதான் தேவை.

முதல் வேலை மூச்சுக்கு வழி. காற்றறைக்கு நேர் மேலே, விரிசல் இருக்கும் இடத்திலிருந்து ஓட்டுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, மிளகு அளவு துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். காற்றறைக்கு மேலே உள்ள ஓட்டில் ரத்தக் குழாய் பிரச்சினை இருக்காது, அதனால் அங்கே தொடங்குவதுதான் பாதுகாப்பு. பிறகு பஞ்சுக்குச்சியை வெந்நீரில் நனைத்து, பிழிந்துவிட்டு, காய்ந்த சவ்வின் மேல் ஒற்றுங்கள். அலகில் இருக்கும் மூக்குத் துளைகளில் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது.

சவ்வு நனைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகும், உள்ளே இருப்பது தெரியும். சிவப்புக் கோடுகள் தெரிகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ரத்தம் ஓடுகிறது. முட்டையைத் திரும்பச் சூட்டில் வைத்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெரியாமல் ஒரு சொட்டு ரத்தம் வந்துவிட்டால், சுத்தமான பஞ்சால் மெல்ல அழுத்தி, நின்றதும் உள்ளே வைத்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

சிவப்பு இல்லை என்றால், ஓட்டை வட்டத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, தலையும் கழுத்தும் வெளியே வரும் வரை உதவலாம். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். கீழ்ப்பாதி ஓட்டிலிருந்து குஞ்சே உதைத்துக்கொண்டு வெளியே வரட்டும். இழுக்காதீர்கள். தொப்புள் இன்னும் ஓட்டோடு ஒட்டியிருக்கலாம், இழுத்தால் அது கிழியும்.

எழுதினால் நாலு பத்தி. நடைமுறையில் இது நாலைந்து மணி நேர வேலை. பத்து நிமிடத்தில் குஞ்சை வெளியே எடுத்துக் காட்டும் வீடியோக்களில், அடுத்த நாள் அந்தக் குஞ்சு என்ன ஆனது என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

ஏன் மாட்டிக்கொள்கிறது?

ஒரு குஞ்சு மாட்டினால் அது அந்தக் குஞ்சின் குறையாக இருக்கலாம். ஒரே அடையில் நாலைந்து மாட்டினால் குறை சூட்டிலோ ஈரப்பதத்திலோ இருக்கிறது.

தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரை ஆன்லைனில் வாங்கி மொட்டை மாடியிலும் பால்கனியிலும் குஞ்சு பொரிக்க ஆரம்பித்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். விசிறி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டையை உருட்டுவது 18-ம் நாளோடு நிற்க வேண்டும். அதன் பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. ‘பொரிந்த குஞ்சை எடுத்துடலாமே’ என்று ஒருமுறை திறந்தாலே உள்ளே இருக்கும் ஈரக்காற்று போய்விடும், விரிசல் விட்ட மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்துவிடும். ஒரு குஞ்சை எடுக்கப் போய் மூன்றை மாட்டவைப்பது இப்படித்தான். பொரிந்த குஞ்சுக்கு அவசரம் எதுவும் இல்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒருநாள் வயதுக் குஞ்சுகளைத் தீவனமில்லாமல் விமானத்தில் அனுப்ப முடிவதே இதனால்தான்.

ஈரப்பதம் கூடினாலும் வம்பு. அடைக்காலத்தில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் காற்றறை போதுமான அளவுக்குப் பெரிதாகும். முதல் 18 நாளும் பெட்டிக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் காற்றறை சின்னதாகவே நின்று, குஞ்சு கொழகொழவென்று உள்ளேயே அடைபட்டுவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள், முட்டையைக் கண் இமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். நம்மூரில் அந்தப் பொறுப்பைக் கோழியிடமே விட்டுவிட்டார்கள். கூடவே இடிக்குப் பயந்து இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாயையும் கூடையில் போட்டுவைப்பார்கள். அதனால் இடி என்ன ஆகும் என்பது தெரியாது, கோழிக்குத் தொந்தரவில்லை.

வேலூர், திருவண்ணாமலை வெயிலை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, ஓட்டு வீட்டுக்குள் வைத்த அடைக்கூடையும் இன்குபேட்டரும் கருவுக்குத் தேவையான சூட்டை மீறிவிடும். கருவுக்குக் குளிர்ச்சியைவிடக் கூடுதல் சூடுதான் சீக்கிரம் ஆபத்து. கத்திரி வெயிலில் அடை வைப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் தரையோடு இருக்கும் குளிர்ந்த அறையில், கூடைக்கடியில் மணல் பரப்பி வையுங்கள்.

வெளியே வந்துவிட்டது. அடுத்தது?

உதவி பெற்று வந்த குஞ்சு பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஈரமாக, தலை தொங்கி, பக்கவாட்டில் கிடக்கும். பாதிப் பிழைப்பு இனிமேல்தான்.

முதல் 24 மணி நேரம் தீவனம் வேண்டாம், சூடு போதும். இன்குபேட்டரிலேயே உலரட்டும். பிறகு அட்டைப் பெட்டி, ஒரு மூலையில் பல்பு, குஞ்சு படுக்கும் உயரத்தில் சுமார் 35 டிகிரி. வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்பு என்றால் பழைய குண்டு பல்பு, 40 அல்லது 60 வாட். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. புதிதாக வளர்ப்பவர்கள் குஞ்சை இழக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. கரண்ட் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு சரியா என்பதைக் குஞ்சே சொல்லும். பல்புக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் அதிகச் சூடு.

தண்ணீர் கொடுக்கும்போது வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கரைத்து, அலகு நுனியை மட்டும் தொட்டுக் காட்டினால் தானே குடிக்கும். சோர்ந்த குஞ்சுக்கு முதல் நாள் இது போதும். பிறகு குஞ்சுத் தீவனம். கடையில் கிடைக்காத ஊரில் உடைத்த கம்பு, குருணையோடு அவித்த மஞ்சள்கருவைப் பொடித்துச் சேர்க்கலாம்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, எழ முடியாமல் கிடக்கும் குஞ்சைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளில் எலும்பு வளைந்து கொடுக்கும். கால்களை இயல்பான இடைவெளியில் வைத்து, மருந்துக்கடை பிளாஸ்டர் துண்டால் இரண்டையும் எட்டு வடிவில் தளர்வாக இணைத்தால், பல குஞ்சுகள் மூன்று நாலு நாளில் நிற்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் விட்டுவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். காரணம் பெரும்பாலும் தரைதான். வழவழப்பான செய்தித்தாள் வேண்டாம், சாக்கோ சொரசொரப்பான துணியோ விரியுங்கள். விரல் சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைவாக இருக்கலாம், அதற்குக் கால்நடை மருத்துவரிடம் சொட்டு மருந்து கேளுங்கள்.

தொப்புள் ஈரமாகவோ திறந்தோ இருந்தால் போவிடோன் அயோடின் ஒரு சொட்டுத் தொட்டு, சுத்தமான விரிப்பில் வையுங்கள். சாம்பல், மண் எல்லாம் வேண்டாம். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுங்கள். பிய்த்தால் தோலோடு வரும்.

நெசவு வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அறுந்த பட்டு நூல், ஜரிகைத் துணுக்கு தரையில் கிடக்கும் இடத்தில் குஞ்சை விடாதீர்கள். நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் போய்விடும். கண்ணுக்கே தெரியாத இழை என்பதால், குஞ்சு நொண்டும்போதுதான் தெரியவரும். பெட்டியைத் தறி அறையிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது.

எல்லாக் குஞ்சும் பிழைக்குமா?

பிழைக்காது. மஞ்சள்கருப் பை வெளியே பெரிதாகத் தொங்குவது, அலகு கோணியிருப்பது, இரண்டு நாள் ஆகியும் தலை தூக்காமல் கிடப்பது, இவை நம் கையில் இல்லாதவை. சில குஞ்சுகள் வெளியே வர முடியாததற்குக் காரணமே உள்ளே இருந்த குறைதான். சரியாகக் காத்திருந்து, சரியாக உதவியும் சில போகும். அதற்காக அவசரப்பட்டு உடைத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

பிழைத்த குஞ்சுக்கு அடுத்த கண்டம் வெள்ளைக்கழிச்சல். உத்தராகண்டின் ராணிக்கேத் ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் அதே நோய்தான். ஓட்டிலிருந்து ஒன்றைக் காப்பாற்றிவிட்டு, தடுப்பு மருந்து போடாமல் மொத்தக் கூட்டத்தையும் இழக்கும் வீடுகள் உண்டு. 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களும் நடத்துகிறது. சந்தேகம் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம், அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லா எண். குஞ்சைத் தொட்ட பிறகு, முக்கியமாகக் குழந்தைகள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தால் தொடாமல் தகவல் சொல்லுங்கள்.

குஞ்சு உலர்ந்து, நின்று, நடக்க ஆரம்பித்தால் அதன் நல்ல இடம் தாயின் சிறகுக்கடிதான். பகலில் கொண்டுபோய் விட்டால் தாய் அடையாளம் கண்டு கொத்தும். முதல் இரண்டு நாளுக்குள், இருட்டிய பிறகு, மற்றக் குஞ்சுகளோடு அது படுத்திருக்கும்போது சத்தமில்லாமல் அடியில் தள்ளிவிடுங்கள். விடிந்ததும் ஒரு பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். தாய் குரல் கொடுத்து, அதுவும் ஓடிப் போய் ஒட்டிக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. தலையில் கொத்தினால் எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள், கூடவே துணைக்கு இன்னொரு குஞ்சையும்.